வெளியேறினோமா, வெளியேற்றப்பட்டோமா? – ஓர் ஆங்கிலப் பாடம்

பெற்றோருக்கும், எங்களைப் போல ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன தவணை, பத்தாம் தரப் பிள்ளைகளிடம் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வசனம் எழுதிவரச் சொன்னோம். ஒரு பிள்ளை தன் உம்மும்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். நான்காவது வசனம் இது: 'மை கிராண்ட்மதர் லெஃப்ட் எருக்கலம்பிட்டி இன் 1990.' எழுவாய், வினை, இறந்தகாலம் எல்லாம் சரி. சரி போட்டு, புள்ளியும் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

இரவில் கொப்பிகளை அடுக்கும்போதுதான் அந்த வசனம் திரும்பக் கண்ணில் பட்டது. 'லெஃப்ட்' என்றால் விட்டுப் போனா என்று அர்த்தம். கலியாணம் முடித்துப் போனாலும் 'லெஃப்ட்', வேலை கிடைத்துப் போனாலும் 'லெஃப்ட்', பஸ் ஏறிப் போனாலும் 'லெஃப்ட்'. 1990 ஒக்டோபரில் அந்த உம்மும்மா அப்படியா போனா?

இலக்கணத்தில் பிழையில்லாத அந்த வசனம் நடந்ததைச் சொல்லவில்லை. அதற்குச் சரி போட்டது நாங்கள். பிள்ளையில் குறையில்லை. ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட இருக்கிற வினைச்சொற்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது என்று நாங்கள்தான் அவளுக்கு ஒழுங்காகக் காட்டிக் கொடுக்கவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

முதலில் சின்ன வினைகளிலிருந்து வருவோம்.

எங்கள் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது 'கேள்' என்ற எங்கள் சொல்லால். தமிழில் ஒரே 'கேள்' மூன்று வேலை செய்கிறது. சத்தம் கேட்டது, பயான் கேட்டோம், கேள்வி கேட்டோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொல்: 'ஹியர்', 'லிஸன்', 'ஆஸ்க்'. அதனால்தான் ஒரு பிள்ளை 'டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன்' என்பதை 'ஐ ஹியர் எ க்வெஸ்ச்சன் டு டீச்சர்' என்று எழுதுகிறான். நாங்கள் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அடுத்த கொப்பிக்குப் போகிறோம். ஏன் வெட்டினோம் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த கிழமையும் அதையே எழுதுவான்.

இப்போது நாங்கள் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுக்கிறோம். "ஸுபஹுக்குப் பாங்கு சொல்றாங்க. நீங்க நித்திரையில கிடக்கிறீங்க. ஆனாலும் சத்தம் காதில விழுது. அது ஹியர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில இமாம் குத்பா ஓதுறார். நீங்க காது குடுத்துக் கேக்கிறீங்க. அது லிஸன். குத்பா முடிஞ்ச பிறகு ஒரு விசயம் விளங்கல்ல, ஹஸ்ரத்திடம் போய்க் கேக்கிறீங்க. அது ஆஸ்க்." இவ்வளவுதான். காதில் விழுவது ஒன்று, காது கொடுப்பது ஒன்று, வாய் திறப்பது ஒன்று. 'கேள்' ஒன்றுதான் என்றாலும், இந்த மூன்று வித்தியாசமும் தமிழில் இல்லாமல் இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த வித்தியாசத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

'ஸீ', 'லுக்', 'வொட்ச்' இதைவிட லேசு. புத்தகத்தில் மூன்றுக்கும் 'பார்' என்று பொருள் போட்டால் பிள்ளை குழம்பத்தான் செய்யும். ஆனால் எங்கள் பேச்சில் 'காண்' இன்னும் உயிரோடு இருக்கிறது. "உங்கட வாப்பாவ நேத்து பஸாரில கண்டன்" என்று சொல்கிறோம். தேடிப் போகவில்லை, கண்ணில் பட்டார். அது 'ஸீ'. "இந்தா, இதப் பாரு" என்று சொல்லும்போது கண்ணைத் திருப்பச் சொல்கிறோம். அது 'லுக்'. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அடுத்து என்ன நடக்கும் என்று கண்ணை எடுக்காமல். அது 'வொட்ச்'. மன்னார் பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் தேடி எங்கும் போகத் தேவையில்லை. ரோட்டில் நிற்கிற கழுதை போதும். கழுதையைக் கண்டோம், கழுதையைத் திரும்பிப் பார்த்தோம், அது வேலிக்குள் பூருமா என்று பார்த்துக்கொண்டே நின்றோம். மூன்று வினையும் முடிந்துவிட்டது.

இனி 'போறோ', 'லெண்ட்' கதை. இதில் எங்களுக்கே ஒரு பாடம் கிடைத்தது.

ஒரு ஓகஸ்ட் விடுமுறையில், பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று ஜேர்மனியிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய மகள் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. பின்னேர வகுப்புக்கு எங்கள் பிள்ளைகளோடு வந்து இருந்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு அவளைக் கண்டு கொஞ்சம் பயம். வெளிநாட்டுப் பிள்ளை, இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாள் என்று நினைத்தார்கள். அவள் முதல் நாளே பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கேட்டாள்: 'கேன் யூ போறோ மீ எ பென்?'

வகுப்பு முழுக்க எங்களைப் பார்த்தது. ஏனென்றால் அதே பிழையை முதல் நாள்தான் எங்கள் பையன் ஒருவன் விட்டு வாங்கிக் கட்டியிருந்தான்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே பிழை விட்டார்கள், ஆனால் ஒரே காரணத்தால் அல்ல. ஜேர்மன் மொழியில் இரவல் வாங்குவதற்கும் இரவல் கொடுப்பதற்கும் 'லைஹென்' என்ற ஒரே வினைதான். யாருக்கு என்பதை வசனத்தில் உள்ள மற்றச் சொற்கள் காட்டிவிடும். ஆகவே ஜேர்மன் பேசுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஏன் இரண்டு வினை என்று பிடிபடுவதில்லை. தமிழில் அப்படி இல்லை. 'இரவல் வாங்கு', 'இரவல் குடு' என்று திசை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் திசை 'வாங்கு', 'குடு' என்ற சொற்களில் இருக்கிறது, 'இரவல்' என்ற சொல்லில் இல்லை. எங்கள் பையன் 'போறோ' என்றால் இரவல் என்று மட்டும் மனப்பாடம் செய்தவன். 'வாங்கு' என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போறோ என்றால் இரவல் அல்ல, இரவல் வாங்கு. லெண்ட் என்றால் இரவல் குடு. இரண்டு நிமிட வேலை. அதைச் சொல்லாமல் அவனை ஏசியிருந்தோம்.

அந்தப் பிள்ளை ஊருக்குப் போகும் மட்டும் எங்களுக்கு இது ஒரு விளையாட்டாகப் போனது. ஜேர்மன் மொழியில் 'பிரிங்கென்' என்ற வினை கொண்டு வருவதற்கும் வரும், ஒருவரைக் கொண்டுபோய் விடுவதற்கும் வரும். அதனால் ஜேர்மன் பிள்ளை 'உங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விடுகிறேன்' என்பதற்கும் 'பிரிங்' என்பாள், 'டேக்' வரவேண்டிய இடம் அது. எங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக். 'எரின்னெர்ன்' என்ற ஒரே வினை அவர்களுக்கு ஞாபகம் வைத்திருப்பதற்கும் ஞாபகப்படுத்துவதற்கும் வரும். அதனால் 'ரிமெம்பர்', 'ரிமைண்ட்' இரண்டும் அவர்களுக்கு மாறிப்போகும். எங்களுக்கு 'ஞாபகம் இரிக்கு' வேறு, 'ஞாபகப்படுத்து' வேறு. ஒரு ஐரோப்பிய மொழி பேசுகிற பிள்ளை தடுமாறுகிற இடத்தில் எங்கள் பிள்ளை தமிழைப் பிடித்துக்கொண்டு லேசாகக் கடந்து போகலாம் என்பதை அன்றைக்குத்தான் எங்கள் பிள்ளைகள் கண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

வா, போ, தா, கொடு என்ற கிட்டக் கிட்ட இருக்கிற வினைகளைப் பிரித்துக் காட்டுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. வருவதும் தருவதும் பேசுகிறவர், கேட்கிறவர் பக்கம் நடப்பவை. செல்வதும் கொடுப்பதும் மூன்றாம் ஆளின் பக்கம் நடப்பவை. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ', சமமானவரிடம் 'தா', உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் 'கொடு' என்றும் அது பிரிக்கிறது. இப்படிப்பட்ட மொழியை வீட்டிலிருந்து கொண்டு வருகிற பிள்ளையிடம், வகுப்பு வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வது என்ன நியாயம்?

நாங்கள் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பாடம், ஆங்கில வகுப்பில் தமிழ் கதைக்கக்கூடாது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் காதில் விழுவதே அந்த ஒரு பாடவேளையில்தான். அதையும் தமிழிலேயே நடத்தினால் பிள்ளை எங்கே போய் ஆங்கிலம் கேட்கும்? வசனத்துக்கு வசனம் தமிழ்ப்படுத்திப் படிப்பிக்கிற பழக்கமும் பிள்ளையைக் கெடுத்துத்தான் விட்டிருக்கிறது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறோம். நாங்கள் கேட்பது ஐந்து நிமிடம். ஒரு வினையைச் சொல்லிக் கொடுக்கும்போது, எங்கள் பேச்சில் இது எப்படிப் பிரிகிறது என்று ஒரு தடவை பக்கத்தில் வைத்துக் காட்டுவது. மொழிபெயர்ப்பது வேறு, ஒப்பிட்டுக் காட்டுவது வேறு.

இனி அந்த உம்மும்மாவின் வசனத்துக்கு வருவோம்.

தமிழ்ப் பாடத்தில் தன்வினை, பிறவினை என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். எழும்பு, எழுப்பு. உம்மா ஸுபஹுக்கு எழும்புவா, பிறகு எங்களை எழுப்புவா. கிட, கிடத்து. பிள்ளை தொட்டிலில் கிடக்குது, உம்மா பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துறா. ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. நிரம்பு, நிரப்பு. எங்கள் மொழியில் இப்படி எத்தனையோ சோடி. தானாக நடந்ததா, இன்னொருவர் நடத்தினாரா என்று வினையே சொல்லிவிடும்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சோடிகள் கொஞ்சம்தான் மிச்சம். 'ரைஸ்' என்றால் உயர், 'ரெய்ஸ்' என்றால் உயர்த்து. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே கடைசி இரண்டிலும் பிழை விடுகிறார்கள். ஜேர்மன் பிள்ளைக்கு இது விளங்கும், 'லீகென்', 'லேகென்' என்று அவர்களிடமும் அதே சோடி இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கும் விளங்கும், நாங்கள் ஞாபகப்படுத்தினால்.

இது வெறும் இலக்கணம் என்று நினைக்காதீர்கள். 'விலை உயர்ந்தது' என்றால் யாரையும் கேட்க முடியாது. மழை பெய்தது போல, அது தானாக நடந்துவிட்டது. 'விலையை உயர்த்தினார்கள்' என்றால், யார் என்று கேட்கலாம். ஒரு வினையை மாற்றினால் பொறுப்பு ஒருவர் தலையில் ஏறும், அல்லது இறங்கும்.

வெளியேறு, வெளியேற்று என்பதும் இதே சோடிதான்.

1990 ஒக்டோபரின் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இந்தத் தீவிலிருந்து எங்கள் குடும்பங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கின. எங்கள் வயதில் பலர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிறந்தவர்கள். ஒலிபெருக்கியில் அறிவித்ததையும், கோழிகளைத் திறந்து விட்டதையும், வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவிடம் கொடுத்ததையும் உம்மாமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். "போயிட்டு வாறம்" என்றுதான் சொல்லி விட்டு வந்தார்களாம். அந்த அக்கா அழுதாவாம்.

புத்தளத்தில் எங்களை 'அகதி' என்றார்கள். அந்தச் சொல்லும் பொருந்தவில்லை. 1951ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைப்படி அகதி என்பவர் நாட்டின் எல்லையைத் தாண்டியவர். அந்தக் காலத்தில் தலைமன்னாரிலும் பேசாலையிலும் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போன எங்கள் தமிழ்ச் சனங்கள்தான் அந்தச் சொல்லுக்குரியவர்கள். அவர்கள் செய்ததற்கு ஆங்கிலத்தில் 'ஃபிளீ' என்ற வினை இருக்கிறது. உயிருக்குப் பயந்து தப்பி ஓடுவது. அவர்களுக்கும் 'லெஃப்ட்' என்று எழுதினால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

அரசாங்கக் கடிதங்களில் நாங்கள் 'இடம்பெயர்ந்தோர்'. கவனியுங்கள், இது தன்வினை. நாங்களாகவே பெயர்ந்தது போல. ஆங்கிலத்தில் அதற்கு 'டிஸ்பிளேஸ்ட்'. அது செயப்பாட்டு வினைதான், ஆனால் யாரால் என்று கேட்காது. வெள்ளத்தால் போனவரும் அதே, சுனாமியால் போனவரும் அதே. சிலர் 'எவிக்ட்' என்று எழுதுகிறார்கள். அந்த வினையை வாடகை வீட்டுக்காரரை எழுப்புவதற்குத்தான் பெரும்பாலும் பாவிப்பார்கள். வீடு இன்னொருவருடையது என்ற வாடை அதில் வரும். எங்கள் வீடுகள் எங்களுடையவை. 'எக்ஸ்பெல்' என்பது ஓர் இடத்தைச் சேர்ந்த ஒருவரை அந்த இடத்திலிருந்து துரத்துவது. எங்களுக்கு நடந்ததற்கு இதுதான் கிட்ட வருகிறது என்பது எங்கள் கருத்து. வேறு கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்கிறோம். ஆஸ்க் அல்ல, லிஸன்.

இன்னொரு விசயமும் உண்டு. வினையைச் சரிப்படுத்தினால் மட்டும் போதாது, எழுவாயும் சரியாக இருக்க வேண்டும். 'தமிழாக்கள் எங்களைத் துரத்தினாங்க' என்று எங்கள் வீடுகளில் சில நேரம் சொல்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துரத்தியவர்கள் ஆயுதம் வைத்திருந்த ஓர் இயக்கத்தினர். திறப்பை வாங்கிக்கொண்டு அழுத அக்காவும் தமிழ்தான். எழுவாயில் அவவையும் சேர்த்து எழுதினால், 'லெஃப்ட்' என்று எழுதியதைவிடப் பெரிய பிழை விடுகிறோம். நடந்ததைக் குறைத்தும் சொல்லக்கூடாது, செய்யாதவர் தலையில் போடவும் கூடாது. சாட்சி சொல்லும்போது நீதியாகச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு மார்க்கமும் சொல்லித் தந்த பாடம்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டோம்.

"மகள், உம்மும்மா விருப்பப்பட்டா போனா?"

"இல்ல டீச்சர். போகச் சொன்னாங்களாம்."

"அப்ப இந்த வினை சரியா?"

கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "புத்தகத்தில போறதுக்கு லீவ் எண்டுதானே டீச்சர் இரிக்கு?"

உண்மைதான். செயப்பாட்டு வினையையும் நாங்கள் படிப்பித்திருக்கிறோம். கடிதம் எழுதப்பட்டது, மாம்பழம் உண்ணப்பட்டது என்று பலகையில் எழுதி, மாற்றி எழுது என்று சொல்லி. எங்களுக்கே நடந்த ஒன்றைச் சொல்லத்தான் அந்த வினை தேவைப்படும் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் உம்மும்மாவிடம் கேட்டு, திரும்ப எழுதி வந்தாள். ஒரு வசனம் மூன்றாகியிருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: 'என் உம்மும்மா 1990ல் எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். புலிகள் வெளியேற்றினார்கள். உம்மும்மாவின் சிநேகிதி கரையில் நின்று அழுதார்.' ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தினோம். பிறகு அவளே கேட்டாள்: "டீச்சர், உம்மும்மா பிறகு திரும்பி வந்தா. அதுக்கு ரிட்டர்ன் போடவா? கடிதத்தில மீள்குடியேற்றம் எண்டு இரிக்கு." மீள்குடியேற்றம் என்றால் இன்னொருவர் கொண்டுவந்து குடியேற்றுவது. "உம்மும்மா எப்படி வந்தா?" என்று கேட்டோம். "2010ல, தானாத்தான் வந்தா. வந்து காணியில பத்தை வெட்டினா." அப்படியென்றால் ரிட்டர்ன் போடு மகள் என்றோம். இந்த இடத்தில் தன்வினைதான் சரி.

சக ஆசிரியர்களுக்கு: கிட்டக் கிட்ட இருக்கிற வினைகளைச் சொல்லிக் கொடுக்கும்போது ஐந்து நிமிடம் எங்கள் தமிழைப் பக்கத்தில் வையுங்கள். புத்தகத் தமிழ் வேண்டாம், வீட்டில் கதைக்கிற தமிழ் போதும்.

பெற்றோருக்கு: பிள்ளை ஆங்கிலத்தில் பிழை விட்டால் மக்கு என்று ஏசாதீர்கள். அது எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து அந்த இடத்துக்கு வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வீட்டில் உம்மும்மாவோ வாப்பும்மாவோ இருந்தால், நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னவர்களில் பலர் இப்போது எங்களோடு இல்லை. அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்.

எங்கள் பிள்ளைகள் நாளைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவார்கள், ஓர் அறிக்கை எழுதுவார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அந்த நேரம் சரியான வினை அவர்கள் வாயில் வரவேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.